ஊசி மேம்பாலத்தடிக்குப் போன சனிக்கிழமை

கடைத்தெரு வளைவில் இருக்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்துப் பொருத்துகிறவரை எல்லாரும் கண்ணாடிக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். முன்பக்கம் முதலாளி உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். பின்பக்கம், ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத அறையில், அரவை இயந்திரமும் கடுகைவிடச் சிறிய திருகாணிகளும் அக்காவின் ராஜ்ஜியம்.

வாங்க வந்தவர்கள் ஒரு ஃப்ரேமை மாட்டிக்கொண்டு எடுப்பாக இருக்கிறதா என்று கேட்டால், அவர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருப்பதாக முதலாளி சத்தியம் செய்வார். அக்காவைக் கேட்டால், முகம் பார்க்கும் கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். முகம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது என்பது அவர் கட்சி. அதனால் வியாபாரம் கெட்டதா என்றால், இல்லை. அதில் முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, சமையலை முடித்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் பழைய மடிக்கணினியைத் திறந்தால் அக்கா வேறு ஊருக்குப் போய்விடுவார். அந்த ஊரின் பெயர் கீழடுக்கு. அது ஓர் இணைய விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாமே எழுத்து. மேலே வெயில் படும் அடுக்கில் நிறுவனங்களும் பணக்காரர்களும். கீழே ஓயாத மழை, மின்விளக்குப் பலகைகள், கைகால்களைக் கழற்றி இயந்திரம் மாட்டிக்கொண்ட ஜனங்கள். விளையாடுகிற ஒவ்வொருவரும் அங்கே ஓர் ஆளாக இருந்து, அந்த ஆள் செய்வதையும் பேசுவதையும் எழுத வேண்டும். மற்றவர்கள் தங்கள் ஆளைக் கொண்டு பதில் எழுதுவார்கள். அப்படியே கதை நகரும்.

அக்காவின் ஆள் பெயர் ஊசி. உரிமம் இல்லாமல் ஏழைகளுக்கு இயந்திரக் கண் பொருத்தும் மருத்துவச்சி. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். கால் முறிந்து படுக்கையில் கிடந்த காலத்தில் பொழுது போகாமல் அக்கா உண்டாக்கியவள். கால் சரியாகி வருஷக்கணக்கான பிறகும் ஊசி போகவில்லை.

அந்த ஊரில் அக்காவுக்கு நல்ல பெயர். மெதுவாகத் தட்டச்சு செய்கிறவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பார். கூட்டமான காட்சியில் ஓரமாக நிற்கிற புதியவரிடம் ஊசியை அனுப்பி ஒரு கேள்வியாவது கேட்க வைப்பார். அடுத்தவர் ஆளின் மேல் கை ஓங்கலாம், ஆனால் அடி பட்டதா இல்லையா என்பதை அந்த ஆளின் சொந்தக்காரர்தான் எழுத வேண்டும் என்பது அங்கே அடிப்படை மரியாதை. அதில் அக்கா ஒரு நாளும் தவறியதில்லை. கதையை நிறுத்திவிட்டுச் சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் இரட்டை அடைப்புக்குறிக்குள் சொல்வார்கள். அதற்கு வெளிப்பேச்சு என்று பெயர். அக்காவின் வெளிப்பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ((அவசரமில்லை, நிதானமா எழுதுங்க.))

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கு இதெல்லாம் புரியாது; மனைவி எழுதுகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள், அது போதும் என்று இருந்தார். அவருடைய தங்கை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்ததும், தனியாக வீடு எதற்கு என்று இவர்களோடேயே தங்கினார். சமையலறையை ஒட்டிய அறை அவருக்கு. நாத்தனாரும் அண்ணியும் ஏறக்குறைய ஒரே வயது. வந்த முதல் வாரமே சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடி வந்து அடுப்பை அணைத்த நாத்தனார், பாத்திரத்தைப் பார்த்து, "உன் பேட்டரி இறங்க" என்று திட்டினார்.

அக்கா வெட்டிக்கொண்டிருந்த காயை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த வசவு கீழடுக்கைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீ அங்கே யார் என்று இவர் கேட்க, அண்ணி நீங்க யார் என்று அவர் கேட்க, இப்படியே இரண்டு சுற்று ஓடியது. கடைசியில் நாத்தனார்தான் முதலில் சொன்னார். அவர் துரு.

துருவை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றுமில்லாமல் தெருவில் திரிந்த காலத்தில் அவளுக்குக் கண் பொருத்தியதே ஊசிதான். பிறகு துரு வளர்ந்து, கூலிப்படைத் தலைவியாகி, கண் வியாபாரம் செய்கிற பெரிய நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டாள். ஊசி இலவசமாகப் பழுது பார்ப்பது அந்த நிறுவனத்துக்குத் தொண்டையில் முள். இப்போது இருவரும் பரம எதிரிகள்.

சமையலறையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அக்கா சொன்னார்: "அந்த ஊர்ல நீ துரு, நான் ஊசி. இந்த வீட்டுல நீ என் நாத்தனார், நான் உன் அண்ணி. ரெண்டையும் ஒரே தட்டுல போட்டுப் பிசைய வேண்டாம்."

நாத்தனாருக்கும் அதே எண்ணம்தான். அன்றிலிருந்து வீட்டுக்குள் அந்த ஊர்ப் பேச்சு கிடையாது. மாலையில் நாத்தனார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார், அக்கா மேசையில் உட்கார்ந்துகொள்வார். சுவருக்கு இரண்டு பக்கமும் விசைப்பலகைச் சத்தம் கேட்கும். அங்கே துருவின் ஆட்கள் ஊசியின் மருந்துப் பெட்டியைக் கொளுத்துவார்கள். இங்கே சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார், அண்ணி குழம்பு பிரமாதம் என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். இரண்டு வருஷம் இப்படியே ஒரு குறையும் இல்லாமல் போனது.

குறை வந்தது கணவர் வழியாக.

நாத்தனாருக்கு ஒரு பழக்கம், எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். விடுமுறை நாளில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு அந்த அறையைத் தாண்டிப் போன கணவர் காதில், கூட்டாளிகளுக்காகத் தங்கை எழுதிய திட்டம் முழுசாக விழுந்துவிட்டது. அவருக்கு மனசு கேட்கவில்லை. அன்று துணி மடிக்கும்போது மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சனிக்கிழமை சாயங்காலம் உன் விளையாட்டுல வர்ற அந்த மேம்பாலத்துக்கு அடியில போகாத. உன்னை முடிக்கப் போறாங்க. நோயாளி மாதிரி வரிசையில உட்கார்ந்திருப்பாங்களாம்."

அக்கா கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார். "இதை எதுக்குங்க எங்கிட்ட சொன்னீங்க?"

"இத்தனை வருஷமா வளர்த்த ஆளு. அநியாயமா போயிடக்கூடாதுன்னுதான்."

"இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊசிக்குத் தெரியாதே."

"நீதானே ஊசி?"

"இல்லைங்க. நான் ஊசியை எழுதறவ."

கணவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் தான் ஏதோ உடைத்துவிட்டோம் என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது. மிச்சத் துணியை எல்லாம் அவரே மடித்தார்.

ஊசி ஒவ்வொரு சனிக்கிழமையும் மேம்பாலத்தடியில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பவள். போகாமல் இருக்க நூறு காரணம் சொல்லலாம். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு இருக்கிறது, தலைவலி, இணையம் வரவில்லை. அந்த வாரம் ஒவ்வொரு காரணமும் தானாக வந்து அக்காவின் முன் நின்றது. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸில் கீறல் தேடுவது போலத்தான். எல்லாவற்றிலும் கீறல் இருந்தது. அப்படியென்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே போய் விழுந்துவிடலாமா? அதுவும் திட்டம் தெரிந்தவள் செய்கிற காரியம்தான். ஊசி தியாகி இல்லை. எச்சரிக்கையானவள், பயந்தால் ஓடக் கூச்சப்படாதவள்.

விளையாட்டை நடத்துகிற நிர்வாகிக்கு அக்கா நடந்ததைச் சொன்னார். வெளியிலிருந்து தகவல் காதில் விழுந்துவிட்டது, யார் மேலும் தப்பில்லை, தெரியாதவள் போலவே விளையாடப் போகிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன் என்றார். காட்சியை வேறு நாளுக்கு மாற்றித் தரட்டுமா என்று நிர்வாகி கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். அவர்கள் கஷ்டப்பட்டுப் போட்ட திட்டம், அதைக் கலைக்கத் தனக்கு உரிமையில்லை. சரி, ஆபத்து ஊசியின் கண்ணில் படுமா படாதா என்று தீர்மானிக்கிற பகடையை அன்றைக்கு நானே உருட்டுகிறேன் என்றார் நிர்வாகி.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. நாத்தனார் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா மேசையில் உட்கார்ந்தார். நடுவில் கூடத்தில் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மேம்பாலத்தடிக்கு வருமுன் ஊசி எப்போதும் ஒரு வேலை செய்வாள். அக்கா வாராவாரம் அதை ஒரே மாதிரி எழுதுவார்: 'உடைந்த குளிர்பான இயந்திரத்தின் கண்ணாடியில், பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஊசி பார்த்துக்கொள்கிறாள்.' அன்றும் அதையே தட்டினார். தட்டும்போது 'உற்று' என்று ஒரு வார்த்தை விரல் நுனிவரை வந்தது. ஒரே ஒரு வார்த்தை. உற்றுப் பார்த்தால் பகடையில் ஊசிக்குச் சாதகமாக இன்னும் கொஞ்சம் கூடும். அக்கா விரலை எடுத்துவிட்டார். எப்போதும் போன வரி எப்போதும் போலவே போனது.

நிர்வாகி பகடையை உருட்டினார். ஊசிக்கு எதிராக விழுந்தது. 'மழை. கண்ணாடியில் அவள் முகம் மட்டும்தான் தெரிகிறது' என்று பதில் வந்தது.

ஊசி பெட்டியை விரித்து உட்கார்ந்தாள். முதல் ஆளாக ஒரு சுமைதூக்கி வந்தான். ஏதோ மலிவுச் சரக்கை மாட்டியதால் அவன் கண்ணுக்குச் சிவப்பு நிறம் தெரிவதே இல்லை. ஊசி அவன் கண்ணைத் திறந்து கம்பிகளைப் பிரித்தாள். அவனுக்குப் பின்னால் வரிசையில் முக்காடு போட்ட நாலைந்து பேர்.

அவர்களில் ஒருவனை எழுதியவர் விளையாட்டுக்குப் புதியவர். அவருடைய ஆள் பெயர் இடிமின்னல். ஆர்வம் தாங்காமல் அவர் எழுதினார்: 'இடிமின்னல் பாய்ந்து வந்தான். கத்தி ஊசியின் விலாவில் பிடிவரை இறங்கியது. அவள் அலறிக்கொண்டு விழுந்தாள்.'

எல்லாம் நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் "ச்சே" என்றது அக்காவுக்குக் கேட்டது. அடுத்த நொடி திரையில் துருவின் பெயரில் வெளிப்பேச்சு வந்தது: ((கத்தியை வீசினது வரைக்கும்தான் உங்களோடது. பட்டுச்சா இல்லையான்னு அவங்க சொல்லணும். திருத்தி எழுதுங்க.))

புதியவர் வாதம் செய்தார். இத்தனை பேர் சூழ்ந்திருக்கும்போது அவள் எப்படித் தப்புவாள், தப்பினால் நம் திட்டம் என்னாவது என்று கேட்டார். நாத்தனார் எழுதினார்: ((தப்பிச்சா தப்பிச்சுட்டுப் போறாங்க. திருத்துங்க.))

சுவரின் இந்தப் பக்கம் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ஆளைக் கொல்ல வந்தவர் தன் ஆளுக்காக வழக்காடுவதைப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு எதிரி கிடைப்பது லேசில்லை என்று தோன்றியது.

வரி திருந்தி வந்தது: 'கத்தியை ஊசியின் விலாவை நோக்கி வீசுகிறான்.'

இப்போது முடிவு அக்காவிடம். விலகினாள் என்று எழுதலாம். கேள்வி கேட்க ஆளில்லை. அக்கா யோசித்தது வேறு. ஊசியின் இரண்டு கையிலும் கம்பி இருக்கிறது. எதிரே சுமைதூக்கி திறந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறான். இவள் விலகினால் கத்தி அவன் முகத்தில் போகும். கேள்வி அவ்வளவுதான், அதற்கு ஊசியிடம் ஒரே பதில்தான் உண்டு. அக்காவின் விரல் தயங்கவில்லை.

'ஊசி நகரவில்லை. கத்தி இறங்குகிறது. கம்பியைப் பிடித்த விரல்களை மட்டும் அவள் விடவில்லை.'

துரு முன்னால் வந்து முக்காட்டை எடுத்தாள். ஊசி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் போட்ட கண்ணு. தெளிவா தெரியுதா?" என்று கேட்டாள்.

சுவருக்கு அப்பால் நெடுநேரம் விசைப்பலகைச் சத்தமே இல்லை. அக்கா காத்திருந்தார். கடைசியில் வந்தது: 'மழைத்தண்ணீரைத் துடைப்பது போலத் துரு கண்ணைத் துடைக்கிறாள். "தெரியுது" என்கிறாள்.'

"அப்ப இந்த ஒரு கம்பியை முடிச்சுக்கறேன்" என்றாள் ஊசி. துரு கையை உயர்த்தித் தன் ஆட்களை நிறுத்தினாள். ஊசி கடைசிக் கம்பியைப் பொருத்தினாள் என்று எழுதி அக்கா நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் அந்தக் கண் அவருடையதில்லை. சுமைதூக்கியை எழுதுகிறவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. எந்த ஊரில் இருக்கிறாரோ. அவர் எழுதினார்: 'சுமைதூக்கி குனிந்து தரையைப் பார்க்கிறான். பல வருஷம் கழித்து அவனுக்குச் சிவப்பு தெரிகிறது.'

ஊசி இறந்துபோனாள். அங்கே செத்தவர்கள் திரும்பி வருவதில்லை.

கடுமையான காட்சி முடிந்தால் ஒருவரையொருவர் விசாரிப்பது அந்த ஊர் வழக்கம். பக்கத்து அறையிலிருந்து எழுத்தில் கேள்வி வந்தது: ((நல்லா இருக்கீங்களா?)) அக்காவும் எழுத்திலேயே பதில் போட்டார்: ((நல்லா இருக்கேன். ரொம்ப அழகா எழுதினீங்க.)) அங்கே நாத்தனாரையும் அவர் நீங்கள் என்றுதான் சொல்வார்.

பிறகு கதவு திறந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருமே அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாத நிலையில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கணவர் வாயைத் திறந்தார். "நான்தான் அன்னைக்கே போகாதன்னு சொன்னேனே."

நாத்தனாரின் கை தோளிலிருந்து விலகியது. "அண்ணா, என்ன சொன்ன?" என்று கேட்டார். கணவர் தொலைக்காட்சியை அணைத்தார். நாத்தனார் அண்ணியைப் பார்த்தார். "தெரிஞ்சேதான் வந்தீங்களா? ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுக்கொடுத்தீங்களா?"

"விட்டுக்கொடுக்கல. தெரியாதவளா விளையாடினேன். ரெண்டும் வேற."

"எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது அண்ணி" என்று சொல்லிவிட்டு நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு உப்பு, தண்ணீர், சாவி என்று சுருங்கிவிட்டது. நாத்தனார் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். சமாதானம் பேசட்டுமா என்று கணவர் கேட்டதற்கு, நீங்கள் பேசாமல் இருப்பதே பெரிய உதவி என்றார் அக்கா. அக்காவும் நாத்தனார் பின்னால் போய்க் கெஞ்சவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. நம்புவதா வேண்டாமா என்பது நாத்தனார் எடுக்க வேண்டிய முடிவு. மனசு வலிக்காமல் இல்லை. ஆனால் தான் செய்தது சரி என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. ராத்திரி படுத்ததும் தூங்கினார்.

ஒரு நாள் மதியம் அக்கா கடையின் பின்னறையில் ஒரு ஃப்ரேமின் வளைந்த காதுக் கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டு ஆள் வந்திருக்கிறார் என்று முதலாளி குரல் கொடுத்தார். பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாத்தனார் வந்து நின்றார். அறைக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லாததால் வாசல்படியிலேயே நின்று பேசினார்.

"பழைய சனிக்கிழமையெல்லாம் எடுத்துப் படிச்சேன்" என்றார். அந்த விளையாட்டில் காட்சியாக எழுதியது எதுவும் அழியாது. யார் வேண்டுமானாலும் பின்னால் போய்ப் படிக்கலாம். "அந்தப் பான மிஷின் வரி. எல்லா வாரமும் அதேதான். அன்னைக்கும் அதேதான். பகடை மட்டும் வேற மாதிரி விழுந்திருந்தா?"

"ஊசி ஓடியிருப்பா. உன் ஆளுங்க மழையில தேடிக்கிட்டு நின்னிருப்பாங்க."

நாத்தனார் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "நானா இருந்தா ஒரு வார்த்தையாவது சேர்த்திருப்பேன் அண்ணி."

"எனக்கும் கை வரைக்கும் வந்துச்சு" என்றார் அக்கா.

நாத்தனார் சிரித்துவிட்டார். அப்போ நான் நிஜமாகவே ஜெயித்திருக்கிறேன் என்றார். ஆமாம், கெட்டிக்காரத்தனமாக ஜெயித்தாய் என்று அக்கா ஒப்புக்கொண்டார். அன்று மாலை இருவரும் பேசிக்கொண்டே ஒன்றாக வீடு வந்து சேர்ந்ததைக் கண்ட கணவர், கேள்வி எதுவும் கேட்காமல் மேசையில் தட்டுகளை எடுத்து வைத்தார்.

அக்காவுக்கு இப்போது புது ஆள் இருக்கிறாள். பெயர் சக்கை. பழைய பேட்டரிகளைக் கூவி விற்கிறவள். வைத்தியம் தெரியாது, கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது, தொண்டை மட்டும் ஊர் முழுக்கக் கேட்கும். மேம்பாலத்தடியில் ஜனங்கள் ஊசிக்காக ஒரு நீல விளக்கு மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் முதல்முறை போனபோது, இங்கே யார் செத்தது என்று சக்கை விசாரித்தாள். ஒருவன் பாதி தப்பும் பாதி கற்பனையுமாக ஏதோ சொன்னான். கேட்டுக்கொண்டு, அடப்பாவமே என்று சொல்லிவிட்டு, அவனிடமே இரண்டு பேட்டரி விற்றுவிட்டு நடந்தாள். துரு எதிரே வந்தால், அவள் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பார்த்துச் சக்கை வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குகிறாள். பழி வாங்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, அவளுக்குத் துருவைத் தெரியவே தெரியாது.

இடிமின்னலின் சொந்தக்காரர் வெளிப்பேச்சில் வந்து மன்னிப்புக் கேட்டார். உங்கள் வேகம் நன்றாக இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் பழகினால் போதும் என்று அக்கா பதில் எழுதினார். அன்றே சக்கையை அனுப்பி இடிமின்னலிடம் சண்டை இழுத்து, ஒரு நல்ல கைகலப்புக் காட்சியை அவரோடு எழுதினார். அதில் சக்கைக்கு ஒரு பல் போனது. அதை எழுதியது அக்காதான்.

சமீபத்தில் கணவரும் சேர்ந்திருக்கிறார். இத்தனை நாளும் கூடத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டதற்கு, உள்ளேயே வந்துவிடலாம் என்று நினைத்தாராம். கீழடுக்கில் அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒற்றை விரலால் தட்டுவதால் ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்ப அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. வண்டியில் ஏறியவர்கள், மழைக்கு ஒதுங்கிய மாதிரி, ஒருவரும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.